தேய்வதும் கெடுவதும் ஒன்றல்ல: மெல்ல மெல்ல மோசமாவதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி இது: "ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் மூன்று விஷயங்கள் எழுத வேண்டியிருந்தது. தாத்தாவின் ஞாபகசக்தி, ஒரு பழைய நூலகக் கட்டடம், பள்ளித் தோழியோடு எனக்கு இருந்த நட்பு. மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாயின. மூன்றுக்கும் 'பிகேம் வொர்ஸ் டே பை டே' என்றே எழுதிவிட்டேன். இதற்கு வேறு என்ன சொற்கள் இருக்கின்றன? எதை எங்கே போடுவது?"

ஆங்கிலச் சொல்லைத் தேடுவதற்கு முன்னால் தமிழ் வினைச்சொல்லைத் தேடுங்கள். இத்தனை வருட மொழிபெயர்ப்பு வேலையில் எனக்குக் கைகொடுத்த வழி இதுதான். "மோசமாச்சு" என்பது தமிழிலேயே அவசரத்துக்குச் சொல்கிற சொல். கொஞ்சம் நிதானித்தால் நாம் அப்படிப் பேசுவதில்லை. நிலா தேய்கிறது, குளம் வற்றுகிறது, செடி வாடுகிறது, பார்வை மங்குகிறது, கயிறு இற்றுப்போகிறது, துணி நைந்துபோகிறது, மரம் உளுத்துப்போகிறது, தொழில் நலிகிறது, குடும்பம் நொடித்துப்போகிறது. இந்த நுட்பம் முழுவதும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது மட்டும் எல்லாவற்றையும் 'வொர்ஸ்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: குறைகிறதா, கெடுகிறதா? 'டிக்ளைன்', 'டிடீரியரேட்' இரண்டையும் பலர் ஒன்றாக நினைத்து மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். 'டிக்ளைன்' லத்தீனில் சாய்ந்து விலகுவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. சாய்ந்து உட்காரும் 'ரிக்ளைன்', சரிவைச் சொல்லும் 'இன்க்ளைன்' எல்லாம் அதன் உறவுக்காரர்கள். ஒரு கோடு கீழ்நோக்கிச் சாய்வதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். அந்தச் சாய்வு நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. பெரியம்மை நோயாளிகளின் எண்ணிக்கை 'டிக்ளைன்' ஆகிக்கொண்டே வந்து, கடைசியில் 1980இல் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. அதைவிட நல்ல செய்தி என்ன இருக்க முடியும்! அந்த வாக்கியத்தில் 'டிடீரியரேட்' என்று போட்டால் பொருளே தலைகீழாகிவிடும். 'டிடீரியரேட்' பிறந்தது 'இன்னும் மோசமான' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து. அதற்குள்ளேயே தீமை இருக்கிறது. கெடுவது தரம், நிலைமை, உடல்நலம், உறவு. எண்ணிக்கை கெடாது, குறையத்தான் செய்யும்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 20 நிமிடத்தில் ஒரு வரைபடத்தை 150 சொற்களுக்குக் குறையாமல் விவரிக்கச் சொல்லும் பகுதி இருக்கிறது. அங்கே இந்தத் தவறைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். விற்பனைக் கோடு இறங்குகிறது, உடனே 'சேல்ஸ் டிடீரியரேட்டட்' என்று எழுதிவிடுகிறார்கள். 'டிக்ளைன்ட்' போதும். வேகமாக இறங்கினால் 'ப்ளமெட்'. ஈயக்குண்டைக் குறித்த சொல் அது, கட்டித் தொங்கவிட்ட ஈயம் போல நேராக விழுவது. சற்று இறங்கி மறுபடி ஏறினால் 'டிப்'. சன்னஞ்சன்னமாகச் சிறுத்து ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனால் 'ட்விண்டில்'. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்கிறோமே, அதுதான் 'ட்விண்டில்'. ஆள்பலம், கையிருப்பு, நம்பிக்கை, பார்வையாளர் கூட்டம் எல்லாவற்றுக்கும் வரும்.

'டிடீரியரேட்' உச்சரிப்பில் ஐந்து அசை: டி, டீ, ரி, ய, ரேட். நடுவில் ஒன்றை விழுங்கி நாலாக்கிவிடுவது ஆங்கிலேயர்களுக்குமே உண்டு. எழுதும்போதாவது அந்த எழுத்துகளை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, இதைவிட முக்கியமானது: தன்வினை, பிறவினை. பள்ளியில் படித்து மறந்துபோன இந்த இலக்கணம் இங்கே உயிர் பெறுகிறது. தமிழில் 'கெட்டது' என்றால் தானாகக் கெட்டது, 'கெடுத்தது' என்றால் வேறொன்று அதைக் கெடுத்தது. சொல்லின் உருவமே மாறிவிடுவதால் நமக்குக் குழப்பம் வருவதில்லை. ஆங்கிலத்தில் உருவத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, சொல் சொல்லாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'டிடீரியரேட்' நடைமுறையில் தன்வினை. நிலைமை தானே கெடுகிறது. 'எக்ஸாசர்பேட்', 'அக்ரவேட்' இரண்டும் பிறவினை. ஏதோ ஒன்று வந்து ஏற்கெனவே மோசமாக இருப்பதை மேலும் மோசமாக்க வேண்டும். ஆகவே "த சிச்சுவேஷன் எக்ஸாசர்பேட்டட்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது. எது அதைக் கடுமையாக்கியது என்று வாக்கியம் சொல்ல வேண்டும், அல்லது 'வாஸ் எக்ஸாசர்பேட்டட் பை' என்று செயப்பாட்டுவினையில் வர வேண்டும். 'வொர்ஸன்' மட்டும் இரண்டு பக்கமும் போகும். சந்தேகம் வந்தால் அதைப் போட்டுவிடலாம், தவறாகாது.

இந்தப் பிறவினைச் சொற்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. புண் முதலிலேயே இருந்தாக வேண்டும். குரங்கு கையில் அகப்பட்ட புண் என்கிறோம். புண்ணை உண்டாக்கியது குரங்கு அல்ல, நோண்டி நோண்டிப் பெரிதாக்கியதுதான் குரங்கு. அந்த நோண்டுதல்தான் 'எக்ஸாசர்பேட்'. நன்றாக இருந்த ஒன்றை 'எக்ஸாசர்பேட்' செய்ய முடியாது. இதோடு ஒலியில் நெருங்கி வரும் 'எக்ஸாஸ்பரேட்' வேறு சொல். அது ஒரு மனிதரைப் பொறுமை இழக்கச் செய்வது, எரிச்சலூட்டுவது. நோயை 'எக்ஸாசர்பேட்' செய்யலாம், நோயாளியை 'எக்ஸாஸ்பரேட்' செய்யலாம்.

'கெட்டுப்போச்சு' என்றதும் நமக்கு இயல்பாக வந்து விழும் ஆங்கிலம் 'ஸ்பாயில்'. "மை ஐஸ் காட் ஸ்பாயில்ட்" என்று பேச்சில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் பால் 'ஸ்பாயில்' ஆகும், செல்லம் கொடுத்த பிள்ளை 'ஸ்பாயில்' ஆகும், திட்டம் 'ஸ்பாயில்' ஆகும். கண்பார்வை ஆகாது. அதற்கு 'டிடீரியரேட்', அல்லது எளிமையாக 'ஃபெயில்'. இதைப் போலவே 'ரிப்பேர்'. தமிழ்ப் பேச்சில் வண்டி ரிப்பேர் என்றால் ஓடவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் ரிப்பேர் என்றால் பழுது பார்த்தாயிற்று! நாம் சொல்ல நினைக்கும் நிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'டிஸ்ரிப்பேர்'. பராமரிப்பில்லாமல் ஒரு கட்டடம் பாழாகி வந்தால் 'ஃபால் இன்டு டிஸ்ரிப்பேர்' என்பார்கள். உங்கள் நூலகத்துக்கு இது பொருந்தும், பிறகு வருகிறேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி: படத்தைத் தமக்குள் வைத்திருக்கும் சொற்கள். 'இரோட்' என்பது லத்தீனில் கொறித்துக் கொறித்துத் தின்பது. எலி, அணில் போன்ற கொறிக்கும் பிராணிகளுக்கான 'ரோடென்ட்' என்ற பெயரும் உலோகத்தை அரிக்கும் 'கரோட்' என்ற சொல்லும் அதே வேரில் வந்தவை. நாம் 'அரித்தல்' என்கிறோம். கரையை அலை அரிக்கிறது, மரத்தைச் செல் அரிக்கிறது. ஒருவர்மேல் இருந்த நம்பிக்கை ஒரே பொய்யில் உடைந்தால் அதற்கு வேறு சொல். பத்துச் சின்னப் பொய்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தால் 'இரோட்'. உராய்ந்து உராய்ந்து தேய்வது 'அட்ரிஷன்'. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் வரும் ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியவில்லை. வேலையை விட்டு ஆட்கள் ஒருவர் ஒருவராக விலகுவதையும் நிறுவனங்களில் 'அட்ரிஷன்' என்றுதான் சொல்கிறார்கள். யாரும் துரத்தவில்லை, கூட்டம் தானாகத் தேய்கிறது.

'வெய்ன்' தேய்பிறை, அதன் ஜோடி 'வேக்ஸ்' வளர்பிறை. செல்வாக்கு, ஆர்வம், புகழ் ஆகியவற்றுக்கு இது பொருந்தும், ஏனென்றால் நிலாவைப் போல இவை மறுபடி வளரவும் கூடும். 'எப்' கடல் உள்வாங்குவது. அதிலும் திரும்பி வரும் சாயல் உண்டு. பலம் 'எப்' ஆகிறது, கோபம் 'எப்' ஆகிறது. 'அட்ரோஃபி'யின் கிரேக்க வேரில் இருப்பது ஊட்டமின்மை. பயன்படுத்தாத கை சூம்பிப்போகிறது என்கிறோமே, அதே சூம்புதல். பேசாமல் விட்ட மொழி, பழகாமல் விட்ட இசை, எல்லாம் 'அட்ரோஃபி' ஆகும். வெளியிலிருந்து யாரும் சேதப்படுத்தவில்லை, உபயோகமில்லாததால் சுருங்கிவிட்டது என்ற பொருள் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. 'கிராஜுவலி' என்ற எளிய சொல்லுக்குள்ளும் ஒரு படம் இருக்கிறது. லத்தீனில் 'கிராதுஸ்' என்றால் படி. நாம் 'படிப்படியாக' என்கிறோம். இரண்டு மொழிகளும் ஒரே படிக்கட்டைப் பார்த்திருக்கின்றன. 'டிகிரேட்' அதே படிகளில் கீழே இறங்குவது.

ஒரே ஒரு சரிவை எடுத்துக்கொண்டு இந்தச் சொற்கள் எப்படித் தனித்தனி வேலை செய்கின்றன என்று பார்ப்போம். ஏரல் கடலைச் சொல்கிறேன். கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவில் இருந்த உப்பு ஏரி அது. 1960 வாக்கில் பரப்பளவில் உலகின் நான்காவது பெரிய ஏரி, சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். அதற்கு நீர் கொண்டுவந்த அமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளையும் பருத்திப் பாசனத்துக்காகச் சோவியத் அரசு திருப்பிவிட்டது. அதன்பின் நடந்ததை 'த சீ பிகேம் வொர்ஸ்' என்று எழுதினால் ஒன்றுமே சொல்லாததற்குச் சமம்.

நீர்மட்டம் 'டிக்ளைன்' ஆனது, அது அளவு. கரை 'ரிசீட்' ஆனது, பின்வாங்கியது. ஏரி 'ஷ்ரிங்க்' ஆனது. 1980களின் கடைசியில் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தது. மிஞ்சிய நீரில் உப்பு ஏறியதால் தண்ணீரின் தரம் 'டிடீரியரேட்' ஆனது, அது குணம். மீன்வளம் முதலில் 'ட்விண்டில்' ஆனது, பிறகு மீன்பிடித் தொழில் 'கொலாப்ஸ்' ஆனது. இந்த இரண்டின் வரிசையைக் கவனியுங்கள். 'கொலாப்ஸ்' நொறுங்கி விழுவது. மெல்லச் சரிவதை அந்தச் சொல்லால் எழுதக் கூடாது, மெல்லச் சரிந்ததன் முடிவை எழுதலாம். மொய்நாக் என்ற துறைமுக ஊர் கடலை இழந்து 'டிகே' ஆனது, சீரழிந்தது. அங்கே மணலில் நிற்கும் கப்பல்கள் 'கரோட்' ஆயின, துருவேறின. காய்ந்த அடிநிலத்திலிருந்து எழுந்த உப்புத்தூசி, சுற்றியிருந்த மக்களின் உடல்நலப் பிரச்சினைகளை 'எக்ஸாசர்பேட்' செய்தது. தெற்கு ஏரியின் கிழக்குப் பகுதி 2014இல் முழுவதுமாக வறண்டது. அங்கே மட்டும் 'ட்ரை அப்' என்ற முடிந்துபோன சொல்லை எழுதலாம். வடக்கில் 2005இல் கஜகஸ்தான் ஓர் அணையைக் கட்டி முடித்தபின் நீர் திரும்பி ஏறியது. அதற்கு 'ரிகவர்'. ஒரு பத்தியில் பதினொரு வினைகள். ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்துப் பாருங்கள், உட்காராது.

உங்கள் தாத்தாவின் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மருத்துவ ஆங்கிலத்தில் ஒரு சொல் குடும்பங்களைக் கலங்கடிக்கிறது. 'ப்ரோக்ரெசிவ்'. முன்னேற்றம் என்றுதான் நமக்கு அது அறிமுகம். நோயறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, முன்னேற்றம் தெரிகிறதாம்" என்று நிம்மதியாக என்னிடம் மொழிபெயர்க்கக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அவர்களிடம் உண்மையைச் சொன்ன நிமிடங்கள் எனக்கு மறக்கவில்லை. முன்னே நடப்பது நோயாளி அல்ல, நோய். அல்சைமர் 'ப்ரோக்ரெசிவ்' என்றால் நாளாக ஆக அது முற்றும் என்று பொருள். புற்றுநோய் ஸ்கேன் அறிக்கையில் 'ப்ரோக்ரெசிவ் டிசீஸ்' என்றால் கட்டி வளர்ந்திருக்கிறது அல்லது புதிதாகத் தோன்றியிருக்கிறது. 'ஸ்டேபிள்' என்றால் பெரிதாக மாற்றமில்லை. இந்த ஒரு சொல்லையாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

'க்ரானிக்' இன்னொரு வம்பு. கடுமையான நோய் என்று நினைக்கிறோம். அது காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, நாட்பட்டது என்பதே பொருள். லேசான நோயும் 'க்ரானிக்' ஆக இருக்கலாம். அதன் எதிர்ப்பதம் 'அக்யூட்', திடீரென்று வந்தது. 'இன்சிடியஸ்' என்றால் பதுங்கியிருந்து தாக்குவது. கிளாக்கோமா பார்வையைப் பறிக்கும் விதத்துக்கு இந்தச் சொல் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். பலருக்கு வலியே இல்லாமல் ஓரப்பார்வை போய்க்கொண்டே இருக்கும், தெரியவரும்போது நிறையப் போயிருக்கும். குணமாகி வந்த நோய் திரும்பினால் 'ரிலாப்ஸ்', மறுபடி வழுக்குவது. தண்டுவட மரப்பு நோயின் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) வகைப் பெயர்களிலேயே இந்தச் சொற்கள் இருக்கின்றன. 'ரிலாப்ஸிங் ரிமிட்டிங்' என்றால் தாக்கும், தணியும், மறுபடி தாக்கும். 'ப்ரைமரி ப்ரோக்ரெசிவ்' என்றால் தொடக்கத்திலிருந்தே இடைவிடாமல் முற்றிக்கொண்டே போகும். ஒரே நோயின் இரண்டு சரிவுகள், இரண்டு சொற்கள்.

கட்டடத்துக்கு வருவோம். 'டிலாப்பிடேட்டட்' என்ற சொல்லுக்குள் லத்தீன் கல் ஒன்று இருக்கிறது. கல்லைச் சிதறடிப்பது என்பது அதன் பழைய படம். நம்முடைய 'சிதிலமடைந்த' அதற்கு நேரான இணை. இது நிலையைச் சொல்லும் பெயரடை. நடந்துகொண்டிருக்கும் சிதைவைச் சொல்ல 'ஃபாலிங் இன்டு டிஸ்ரிப்பேர்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆடும் நாற்காலிக்கு 'ரிக்கெட்டி' (எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயிலிருந்து வந்த சொல்), முதுமையால் தளர்ந்ததற்கு 'டிகிரெபிட்'. கடைசியாகச் சொன்னதை வயதானவர்களைப் பற்றி எழுதாதீர்கள், புண்படுத்தும். 'ஃப்ரெய்ல்' மரியாதையானது.

மரபுத்தொடர்களில் 'கோ டவுன்ஹில்' எங்கும் செல்லும். 'கோ டு த டாக்ஸ்' கோபத்தோடு சொல்வது, கட்டுரையில் வேண்டாம். 'கோ டு சீட்' கீரை பூத்து விதைவிட்டு முற்றிப்போவதைப் பார்த்துச் சொன்னது. கவனிப்பாரற்றுப் பொலிவிழந்த மனிதருக்கும் இடத்துக்கும் வரும். 'டேக் எ டர்ன் ஃபார் த வொர்ஸ்' ஒரு திருப்பத்தைச் சொல்கிறது. மெல்லச் சரிவதற்குப் போடக் கூடாது. பட்ட காலிலே படும் என்பதற்கு 'ஃப்ரம் பேட் டு வொர்ஸ்'. அங்கே 'வொர்ஸ்ட்' வராது, 'மோர் வொர்ஸ்' எங்குமே வராது.

இலக்கணத்தில் இரண்டு குறிப்பு போதும். எதில் சரிவு என்றால் 'டிக்ளைன் இன்', எவ்வளவு என்றால் 'பை', எதுவரை என்றால் 'டு'. முன்பு தொடங்கி இன்னும் தொடரும் சரிவுக்கு 'ஹாஸ் பீன்' சேர்த்த தொடர்வினை. "கெட்டுக்கொண்டே வருகிறது" என்பதில் இருக்கும் அந்த 'வருகிறது' அதில்தான் கிடைக்கும்.

இப்போது உங்கள் மூன்று வாக்கியங்கள். தாத்தாவின் ஞாபகம் மங்கி வருகிறது: "ஹிஸ் மெமரி ஹாஸ் பீன் ஃபெயிலிங்." மருத்துவர் எழுதினால் 'காக்னிடிவ் டிக்ளைன்' என்பார். பேரப்பிள்ளை அப்படி எழுத வேண்டியதில்லை. நூலகம்: "த லைப்ரரி ஃபெல் ஸ்லோலி இன்டு டிஸ்ரிப்பேர்."

மூன்றாவதை உங்களுக்காக நான் எழுத முடியாது. தோழியோடு சண்டை வந்து கசந்ததா? அப்படியானால் 'சவர்', பால் திரிவது போல. பேச்சில் இறுக்கம் வந்து இழுத்துப் பிடித்த உறவானதா? 'ஸ்ட்ரெய்ன்ட்'. அடிக்கடி நடந்த சின்னச் சின்ன ஏமாற்றங்கள் அரித்தனவா? 'இரோட்'. எதுவுமே நடக்காமல், ஊர் மாறி, வேலை மாறி, ஒருநாள் திரும்பிப் பார்த்தபோது நடுவில் தண்ணீர் அகன்றிருந்ததா? அதற்கு 'ட்ரிஃப்ட் அபார்ட்'. துடுப்புப் போடாத இரண்டு படகுகள் நீரோட்டத்தில் தாமாக விலகிப் போவதைச் சொல்வது அது. அதில் 'வொர்ஸ்' என்ற எண்ணமே கிடையாது, யார்மேலும் குற்றமும் இல்லை.